திருத்தம் நான்கு

பன்னிரண்டு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. ஸ்ரீராம்குமார் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தார். சாப்ட்வேர் விற்பவர். கோயம்புத்தூரிலிருந்து முந்தின நாளே வந்து சிவகாசியில் தங்கியிருந்தார். பத்தே முக்காலுக்குப் பட்டாசுக் கம்பெனிக்கு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை. ராகுகாலம் பத்தரைக்கே தொடங்கியிருந்தது.

“தப்பா நினைக்காதீக தம்பி,” என்றார் முதலாளி கனகசபாபதி. “டீ குடிக்கலாம், பேசலாம், வெயிலத் திட்டலாம். ஆரம்பிக்கிறது மட்டும் பன்னெண்டுக்கு மேல.”

“பரவாயில்லைங்க சார்.”

“ஒங்க சாப்ட்வேர்ல ராகுகாலம் இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப மார்க்குல ஒண்ணு கொறச்சுக்கோ அருணா.”

அருணாதேவி சிரித்தாள். கம்பெனியின் ஆவணங்களெல்லாம் அவள் பொறுப்பு. வெடிமருந்து கலக்கும் அளவைச் சொல்லும் கலவைத் தாள்கள், பதிவேடுகள், சோதனை அறிக்கைகள். பன்னிரண்டு வருஷமாக அதே மேஜை. வடக்கே உள்ள ஒரு பெரிய கடைக் கம்பெனி, தரச் சான்றிதழ் இருந்தால்தான் அடுத்த சீசனுக்கு ஆர்டர் என்று எழுதியிருந்தது. சான்றிதழுக்கு ஆவணங்களைப் பராமரிக்கும் சாப்ட்வேர் ஒன்று வேண்டும். மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் வரவே இல்லை. மதுரைக்காரர் போன வாரம் வந்து போனார். ஸ்ரீராம்குமார் கடைசி.

பன்னிரண்டு தாண்டியதும் கனகசபாபதி தலையசைத்தார்.

ஸ்ரீராம்குமார் திரையைத் திருப்பினார். ஒவ்வொரு தாளும் ஒரே இடத்தில் இருக்கும். புதிய திருத்தம் வந்ததும் பழையது விலகிவிடும். யார் எப்போது கையெழுத்திட்டார்கள் என்பது வினாடி வரை பதிவாகும்.

“ஃபோர்மேன் டேப்லட்லயே பாத்துக் கையெழுத்துப் போட்டுக்குவாருங்க.”

“டேப்லட்டா? கலவை ரூமுக்குள்ள கைக்கடிகாரமே ஆகாது தம்பி. செல்போனெல்லாம் கேட்ல வாட்ச்மேன் பொட்டியில கெடக்கு. ஒங்களுதும் அங்கனதான கெடக்கு?”

“ஆமாங்க. அப்ப புதுத் தாள் வந்தா அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பிரிண்ட் எடுத்துக் குடுத்துப் பதிவேட்டுல கையெழுத்து வாங்குவோம் சார்,” என்றாள் அருணாதேவி. “சனிக்கிழமை. சம்பளத்துக்கு ஆபீஸ் வரும்போது.”

“நடுவுல ஏதாச்சும் மாறுனா?”

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் டீ தம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலவை அறைகள் ஆபீஸிலிருந்து அரைக் கிலோமீட்டர். நடுவில் வந்து போக யாருக்கும் நேரம் கிடையாது. ஃபோர்மேன்கள் சனிக்கிழமையே அடுத்த வாரத்துக் கட்டங்களிலும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். தாளின் பெயரை அருணாதேவி பிறகு எழுதிக்கொள்வாள். இதை ஸ்ரீராம்குமாரிடம் யாரும் சொல்லவில்லை.

“தேதிய நாம போட முடியாதா?” என்றார் கனகசபாபதி.

“சர்வரே போட்டுக்குங்க.”

“மாத்த?”

“முடியாதுங்க சார். நானே நினைச்சாலும் முடியாது.”

“மதுரைக்காரரு எந்தத் தேதி வேணும்னாலும் போடலாம், எப்ப வேணும்னாலும் திருத்தலாம்னு சொன்னாரே.”

“அதைப் பெருமையாவா சொன்னாருங்க?”

“ரெண்டு தடவ சொன்னாரு.”

ஸ்ரீராம்குமார் ஆறிப்போன டீயைக் குடித்தார்.

*

கனகசபாபதி அஷ்டமியிலும் நவமியிலும் கையெழுத்துப் போடமாட்டார். கரிநாளிலும் போடமாட்டார். வேலை நடக்கும், லோடு போகும். கையெழுத்து மட்டும் காத்திருக்கும். நல்ல நாள் வந்ததும் மேஜைத் தட்டில் சேர்ந்த தாள்களையெல்லாம் வரிசையாகப் போட்டு முடிப்பார். ஆனால் சோதனைக்கு வருகிறவர்களுக்குத் தாமதம் தெரியக் கூடாது. அதனால் தாளில் இருப்பது முந்தின நல்ல நாளின் தேதி. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அருணாதேவி இதைக் கற்றுக்கொண்டாள். டைப் செய்யும்போதே காலண்டரைப் பார்த்துத் தேதியைப் போட்டுவிடுவாள். பன்னிரண்டு வருஷத்தில் அதனால் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஏழாம் எண் கலவைத் தாளுக்குத் திருத்தம் வந்தது. ஒரு தடவைக்கு ஐந்து கிலோ கலக்கலாம் என்றிருந்ததை இரண்டு கிலோ என்று மாற்ற வேண்டும். அவள் டைப் செய்தாள். திருத்தம் நான்கு. அன்று அஷ்டமி. திங்கட்கிழமைத் தேதி போட்டாள். பதிவேட்டில் திங்கட்கிழமைக் கட்டத்தில் தாளின் பெயரை எழுதினாள். பக்கத்தில் ஃபோர்மேன் பாண்டிமுருகனின் கையெழுத்து சனிக்கிழமையே விழுந்திருந்தது. தாளை முதலாளியின் தட்டில் வைத்தாள்.

புதன்கிழமை நவமி. தாள் கையெழுத்தாகாமல் தட்டிலேயே இருந்தது.

புதன்கிழமை பதினொன்று பத்துக்குப் பதினான்காம் எண் அறையில் தீப்பிடித்தது. பாண்டிமுருகன் பழைய தாளின்படி ஐந்து கிலோ கலந்திருந்தான். அவன் இரண்டு உள்ளங்கைகளும் வெந்தன. தீ சுவரைத் தாண்டி அடுத்த அறைக்குப் போனது. அங்கே குழாய்களில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்த ராக்காயி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். இரண்டு கிலோவாக இருந்திருந்தால் தீ சுவரைத் தாண்டியிருக்காது என்று விசாரணைக்கு வந்தவர்கள் எழுதினார்கள்.

வியாழக்கிழமை தசமி. காலை எட்டு மணிக்குக் கனகசபாபதி லைசென்ஸ் காகிதங்களை எடுக்க ஆபீஸுக்கு வந்தார். இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றவர். சட்டையில் கருகல் வாடை. தட்டு எதிரே இருந்தது. உட்கார்ந்து, இருந்ததையெல்லாம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். எதையும் வாசிக்கவில்லை. அருணாதேவி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். எப்போதும் அப்படித்தான்.

சாயங்காலம் போலீஸ் வந்து தாளையும் பதிவேட்டையும் எடுத்துப் போனது.

“இது நீங்க எழுதுற பதிவேடா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“ஆமா சார்.”

அவ்வளவுதான் கேட்டார்.

பாண்டிமுருகன் புதுத் தாளைக் கண்ணால் பார்க்கவே இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தான். அவன் கையெழுத்தை அவனிடமே காட்டினார்கள். வழக்கில் முதல் பெயர் அவனுடையது. இரண்டாவது முதலாளியுடையது. தாள் திங்கட்கிழமையே வந்தது என்று நின்றால் இரண்டாவது பெயர் விலகிவிடும் என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருந்தார்.

*

சாப்ட்வேரைத் தேர்ந்தெடுக்க முதலாளியின் மகள் அனுப்பிரியா ஒரு அட்டவணை தயாரித்திருந்தாள். சென்னையில் படிப்பை முடித்துவிட்டு வந்து இரண்டு வருஷமாகக் கம்பெனியைப் பார்த்துக்கொள்கிறாள். இருபத்தொரு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை மதிப்பெண். அருணாதேவி நிரப்பித் தர வேண்டும்.

அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். கோயம்புத்தூர் சாப்ட்வேர் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. பாதுகாப்பு, தேடல், பயிற்சி. மதுரையுடையதில் எழுத்துகள் திரையைத் தாண்டி ஓடின. இரண்டு தடவை நின்றுபோனது. ஆனால் அதில் தேதியைத் திருத்தலாம். பழைய தாள்களை ஏற்றும்போது திருத்தம் நான்குக்கு வியாழக்கிழமை என்று போடலாம். யாரும் பார்க்கப்போவதில்லை. போலீஸிடம் உள்ள தாள் மாறப்போவதில்லை. இருந்தாலும் ஒரு இடத்திலாவது வியாழக்கிழமை என்று இருக்கும்.

மதுரைக்குத் தொண்ணூற்று நான்கு போட்டாள். கோயம்புத்தூருக்கு எண்பத்தொன்பது.

அனுப்பிரியா அட்டவணையை மேலிருந்து கீழே வாசித்தாள். பேனாவால் ஒரு வரியைத் தட்டினாள்.

“அருணாக்கா, தேதியத் திருத்த முடியுங்கிறதுக்கு அஞ்சுக்கு அஞ்சா?”

“தப்பு வந்தா சரி பண்ணிக்கலாம்ல அனும்மா.”

“தப்பு வராமப் பாக்கத்தான் இத வாங்குறோம்.”

“டைப் பண்ணும்போது வர்றதுதான.”

“அப்பாவும் இதையேதான் கேக்காரு. நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சீகளா?”

அருணாதேவி மேஜையிலிருந்த பதிவேடுகளை அடுக்கத் தொடங்கினாள்.

“வக்கீல் கோயம்புத்தூர்தான்னு சொல்லிட்டாரு. தேதியத் திருத்த முடியாத சிஸ்டத்துல, ஆடிட் முடிஞ்சு ஒரு காகிதம் இருந்தா கோர்ட்ல யாரும் தொடமாட்டாகளாம். வெறும் பேப்பர்னா கேள்வி வருமாம். இத அப்பாகிட்டச் சொன்னேன். உடனே சரின்னுட்டாரு.” அவள் அட்டவணையை மடித்தாள். “இத நான் திருப்பி நிரப்பிக்கிறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. தேதி இன்னைக்குத் தேதி போடுங்க, சரியா?”

அருணாதேவி அன்றையத் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

*

ஸ்ரீராம்குமார் ஒரு வாரம் தங்கிப் பயிற்சி கொடுத்தார். பழைய தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். மூவாயிரத்து நானூறு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் தாளில் உள்ள தேதியை ஒரு கட்டத்தில் அடிக்க வேண்டும்.

“தாள்ல இருக்கிற தேதி தப்பா இருந்தா என்ன சார் பண்றது?”

“தாள்ல என்ன இருக்கோ அதைத்தாங்க அடிக்கணும். அதுதான் அசல்.”

“தப்புன்னு தெரிஞ்சா?”

“கீழ குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குதுங்க பாருங்க. அதுல எழுதி அனுப்பலாம்.”

“யாருக்குப் போகும்?”

“ஒப்புதலுக்கு. உங்க கம்பெனில அப்ரூவர் பெரிய சார்தாங்க. அவரு ஓகே பண்ணாத்தான் தாளோட சேரும்.”

“இல்லைன்னா?”

“நிராகரிக்கப்பட்டதுன்னு இருக்கும். ஆனா அழியாதுங்க. யார் எழுதினா, யார் வேண்டாம்னாங்க, எல்லாம் என்னைக்கும் நிக்கும். அதாங்க இதோட விசேஷம். தூங்கி எந்திரிச்சு வந்து பாத்தாலும் இருக்கும், பத்து வருஷம் கழிச்சு வந்து பாத்தாலும் இருக்கும்.”

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் அவள் திருத்தம் நான்கைத் திறந்தாள். தேதிக் கட்டத்தில் திங்கட்கிழமைத் தேதி இருந்தது. குறிப்பில் எழுதினாள். ‘இந்தத் தாளில் கையெழுத்து போடப்பட்டது வியாழக்கிழமை காலை. அதுவரை எந்த ஃபோர்மேனுக்கும் கொடுக்கப்படவில்லை.’ ஒரு தடவை வாசித்தாள். அனுப்பினாள்.

டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். புளிச்சோறு. எட்டு மாதமாக எது வாயில் வைத்தாலும் ருசி தெரிவதில்லை. அன்று தெரிந்தது.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. கனகசபாபதி அந்தத் திரையைத் திறப்பதே இல்லை. மூன்றாம் நாள் ஸ்ரீராம்குமார் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“வர்ற திங்கக்கிழமை லைவ் போறோங்க, நிஜமான வேலை அன்னைக்குத்தான் ஆரம்பம். முகூர்த்த நாளாம், சார் குறிச்சுக் குடுத்துட்டாரு. அதுக்கு முன்னாடி இங்க இருக்கிறதெல்லாம் ஒரு தடவை துடைச்சிடுவோம்.”

“துடைக்கிறதுன்னா?”

“இதெல்லாம் பயிற்சிக்கு ஏத்துனதுங்க. தேதிய மட்டும் வச்சுக்கிட்டுக் குறிப்பு, ஒப்புதல் எல்லாம் காலி. முக்கியமான தாள் மட்டும் ஒரு அம்பது மொத்தமா எடுத்துட்டு, நீங்க லைவ்ல கையால மறுபடி ஏத்தணும். அனும்மா லிஸ்ட் குடுப்பாங்க.”

“அழியாதுன்னு சொன்னீங்க.”

“லைவ் போனதுக்கப்புறங்க.”

துடைக்க நாற்பது நிமிடம் ஆனது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது.

*

அனுப்பிரியாவின் பட்டியலில் திருத்தம் நான்கு முதலாவதாக இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்குக் கனகசபாபதி அவள் மேஜைக்கு வந்தார். வழக்கமாக அவளைத்தான் உள்ளே கூப்பிடுவார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு. இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தார். வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வைத்த காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஸ்ரீராம்குமார் தம்பி ஊருக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு காட்டுச்சு. நீ என்னமோ எழுதி அனுப்பியிருந்தியாம். எனக்கு அதத் திறக்கவே தெரியல. அவருதான் திறந்து வாசிச்சுக் காட்டுனாரு.”

அவள் எழுந்து நின்றாள்.

“உக்காரு. நான் ஒண்ணும் சொல்ல வரல.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தத் தாள என்னைக்கு டைப் பண்ணுன?”

“செவ்வாக்கிழமை மொதலாளி.”

“செவ்வாக்கிழமை உக்காந்துகிட்டுத் திங்கக்கிழமைன்னு போட்டது ஆரு?”

“நாந்தான்.”

“நான் போடச் சொன்னேனா?”

“இல்ல.”

“பதிவேட்டுல, அவன் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்துல தாளோட பேர எழுதுனது?”

“நாந்தான்.”

“நான் வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன். அத நான் ஒங்கிட்ட மறைக்கல. ஆனா அந்தத் தாள்ல என்னோடது ஒரு கையெழுத்துத்தான் இருக்கு. மத்ததெல்லாம் ஒன் கை.” குரலில் கோபம் இல்லை. “ராக்காயி மக கல்யாணத்துக்கு என்னென்ன வேணுமோ செய்யுறேன்னு அவுக வீட்டுல சொல்லிட்டேன். பாண்டிமுருகனுக்கும் ஏதாச்சும் பாப்போம். இப்ப ஒன்னையும் சேத்துக் கேஸ்ல ஏத்திவிட்டா யாருக்கு என்ன ஆகப்போகுது, சொல்லு. அவன விட்டுருவாகளா?”

“விடமாட்டாங்க.”

“அப்புறம்?”

அவள் திரையைப் பார்த்தாள். அவள் வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் அவள் ஒருத்தி. மகள் பிளஸ் டூ. அவர் அதையெல்லாம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

“ஒன்பது இருபத்தஞ்சுக்கு மேல நல்ல நேரம்,” என்றார் கனகசபாபதி. “பதறாம ஏத்து.” எழுந்து போனார். கதவருகே திரும்பி, “எலுமிச்சம்பழத்த வெயில்ல வைக்காத, வாடிரும்,” என்றார்.

ஒன்பது முப்பத்தொன்றுக்கு அவள் தாளை ஏற்றினாள். தேதிக் கட்டத்தில் திங்கட்கிழமைத் தேதியை அடித்தாள். குறிப்புக் கட்டம் திறந்திருந்தது. அதில் கோடு ஒன்று மின்னி மின்னி மறைந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். எதுவும் எழுதாமல் சேமித்தாள். பதிவு பூட்டப்பட்டது என்று வந்தது. கீழே அவள் பெயர், ஒன்பது மணி முப்பத்து மூன்று நிமிடம் எட்டு வினாடி.

மீதி நாற்பத்தொன்பது தாள்களையும் சாயங்காலத்துக்குள் ஏற்றி முடித்தாள்.

*

மணி ஐந்துக்கு வேலை விட்டது. பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் கேட் அருகே செல்போன்களை வாங்கிக்கொண்டு வேனுக்கு நின்றார்கள். மாரிச்செல்வி வேனுக்குப் போகாமல் ஆபீஸ் பக்கமாக வந்தாள். பாண்டிமுருகனின் பெண்டாட்டி. அவன் ஜாமீனில் வெளியே வந்தபின்னும் கம்பெனிக்குள் அவனை விடுவதில்லை. அவளை மட்டும் வேலைக்கு வைத்திருந்தார்கள். அந்த வேலையும் போய்விடக் கூடாதென்றே அவள் யாரிடமும் எதுவும் பேசுவதில்லை. இந்த எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட ஆபீஸ் வாசல் மிதித்ததில்லை.

வெளியிலேயே நின்றாள். கையிலும் கழுத்திலும் பேக்கிங் தாளின் சிவப்புச் சாயம்.

“உள்ள வா மாரி.”

“இருக்கட்டுக்கா. கால்ல மருந்து.”

“தண்ணி குடிக்கியா?”

“வேண்டாம்.”

அருணாதேவி வாசலுக்கு வந்தாள். வேன் டிரைவர் ஒரு தடவை ஹார்ன் அடித்தான்.

“போயிருவான், போ.”

“அடுத்த டிரிப்புல போயிக்கிறேன்.” மாரிச்செல்வி முந்தானையால் கையைத் துடைத்தாள். சாயம் போகவில்லை. “அவருக்குக் கை மடங்க மாட்டேங்குதுக்கா. சோத்த நாந்தான் பெசஞ்சு ஊட்டுதேன். அதுகூடப் பரவாயில்ல. சின்னப்பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டிவிட்டுட்டு வந்துருதேன்.”

“தூங்குறாரா?”

“எங்கிட்டுத் தூங்க? மொதல்ல எல்லாம் தாளப் பாக்கவே இல்ல, பாக்கவே இல்லன்னு சுவத்துல முட்டிக்கிட்டுக் கெடந்தாரு. வக்கீல்ட்டயும் அப்படித்தான் சொன்னாரு. இப்பச் சொல்றதில்லக்கா.”

“ஏன்?”

“கையெழுத்து அவரோடதுதானே. அவுக காட்டிக் காட்டி, இவரு பாத்துப் பாத்து…” அவள் குரல் இறங்கியது. “ராக்காயிய நாந்தான் கொன்னுட்டேங்காரு. தாளு வந்திருக்கும், நான்தான் அன்னைக்கு எங்கிட்டோ வச்சுட்டு மறந்திருப்பேங்காரு. ராத்திரி எந்திரிச்சு உக்காந்து வீட்டுக்குள்ள அந்தத் தாளத் தேடுறாரு. பானைக்கு அடியில, பிள்ளை புஸ்தகத்துக்குள்ள. கையத் தூக்க முடியாம மொழங்கையால தள்ளித் தள்ளித் தேடுறாரு.”

வேன் கேட்டைத் தாண்டிப் போனது.

“வக்கீல் வரச் சொல்லி நான் வரலக்கா. கோர்ட்டுக்கும் இல்ல. எழுதித் தரவும் வேண்டாம், நான் ஆர்ட்டயும் சொல்லவும் மாட்டேன், எங்க குலசாமி மேல சத்தியம். வீட்டுக்குப் போயி அவருகிட்ட ஒத்த வார்த்த சொல்லணும். அம்புட்டுத்தான். நெசமாவே அந்தத் தாளு திங்கக்கிழமை அவரு கைக்கு வந்துச்சாக்கா?”